நாற்பத்தெட்டுப் பூஜ்யங்கள்

ஜனவரி 18, ஞாயிறு

மில்லில் வருடா வருடம் கொடுக்கிற டைரியில் பால் வராத நாள், சிலிண்டர் மாற்றிய நாள் தவிர நான் எதையும் எழுதியதில்லை. இந்த வருடம் எழுத வேண்டியிருக்கிறது. போனில் வந்து உட்கார்ந்திருக்கிற அந்த உதவியாளருக்கு எண் மட்டும்தான் வேண்டுமாம். எண்ணுக்குப் பின்னால் இருக்கிற நியாயத்தை எழுத ஓர் இடம் வேண்டாமா?

பொங்கலன்று நடந்தது இதுதான். என் மனைவி காளீஸ்வரி வாசலில் பொங்கிய பானையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வரும்போது படியில் கால் தட்டிப் பானையைக் கீழே போட்டுவிட்டாள். இருபத்தாறு வருடமாக ஏறி இறங்குகிற படி. நல்ல நாளும் அதுவுமாக வெண்பொங்கல் தெருவில் கிடக்கிறது. "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். எதிர்வீட்டுக்காரர்கள் டிவியை அணைத்துவிட்டு வந்து நின்று பார்த்தார்கள். அதன் பிறகும் சில வார்த்தைகள் வந்தன, அவை இங்கே வேண்டாம். மதுரையில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிற, பண்டிகைக்கு வந்திருந்த மகள் தாரிணி, சாப்பிடாமல் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள்.

நேற்று போன் செய்தாள்.

"அப்பா, வருஷா வருஷம் மலைக்கு மாலை போடுறீங்க. அந்த ஒரு மண்டலமும் எங்க எல்லாரையும் சாமி சாமின்னு கூப்பிடுறீங்க. அம்மா கொழம்புல உப்பே போடலைன்னாலும் சிரிச்சுக்கிட்டே சாப்பிடுறீங்க. மாலையக் கழட்டுன மறுநாளே ஆரம்பிச்சிருது. உங்களால முடியாமல்லாம் இல்லப்பா. எங்களுக்காகச் செய்ய மனசு வரல."

"இப்ப என்னத்தச் செய்யணுங்கிற?"

"எங்களுக்காக ஒரு மண்டலம் இருங்க. நாப்பத்தெட்டு நாள் கத்தாம இருங்க. நாப்பத்தொம்பதாம் நாள் நான் வீட்டுக்கு வருவேன். இல்லேன்னா அந்த வாசல மிதிக்க மாட்டேன்."

ஒரு எண்ணை அனுப்பிச் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள். அதன் பெயர் 'துணை'. ஆள் இல்லை, மெஷின்தான். ஆனால் ஆள் மாதிரியே மெசேஜ் அனுப்புகிறது. தினமும் மாலை ஏழு மணிக்குக் கேட்கும்: டீ எத்தனை, நடை எவ்வளவு, தூக்கம் எவ்வளவு, குரல் உயர்ந்தது எத்தனை முறை. கோபம் வந்து அடக்கியிருந்தால் அதன் காரணத்தையும் கேட்கும். நான் பதில் போட்டதும் காளீஸ்வரியின் போனுக்கு "இது சரிதானா?" என்று ஒரு மெசேஜ் போகும். அவள் "ஆமாம்" என்று போட்டால்தான் அந்த நாள் தாரிணிக்குப் போய்ச் சேரும். கட்டினவளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியாயிற்று.

இன்று முதல் கேள்வியே "வணக்கம் சங்கரலிங்கம்!" என்று வந்தது. மில்லில் எனக்கு மேலே இருக்கிற ஸ்பின்னிங் மாஸ்டர்கூட என்னை 'சார்' போட்டுத்தான் கூப்பிடுவார்.

டீ 5. நடை 3,140. குரல் 0.

ஜனவரி 20, செவ்வாய்

குரல் 'உயர்ந்தது' என்பதற்கு அளவு என்ன என்று துணையிடம் கேட்டேன். "எதிரில் இருப்பவர் அப்படி உணர்ந்தால் அதுவே அளவு" என்றது. எதிரில் இருப்பவர் உணர்வை எந்த மெஷினில் மாட்டி அளப்பது? இருபத்தெட்டு வருடமாக மில் லேபில் நூலைச் சோதிக்கிறவன் நான். எனக்கு இந்தக் கொழகொழா அளவெல்லாம் ஆகாது. நானே ஒன்று வைத்துக்கொண்டேன்: எதிர்வீட்டுக்குக் கேட்டால் ஒன்று. கேட்காவிட்டால் பூஜ்யம்.

டீ 4. நடை 5,860. குரல் 0.

ஜனவரி 22, வியாழன்

டம்ளருக்கு வெளியே தண்ணீரை ஊற்றினாள். வேட்டி நனைந்தது. அடக்கினேன். துணையிடம் காரணம் எழுதினேன்: "தண்ணீரை டம்ளரில் ஊற்றத் தெரியவில்லை." குரல் 0.

ஜனவரி 25, ஞாயிறு

ரேஷன் கடைக்குப் போகிறேன் என்று ஒன்பது மணிக்குப் போனவள் ஒரு மணிக்கு வந்தாள். கல்யாண மண்டபத்தில் ஏதோ முகாமாம், ஒரே கூட்டமாம், ஆட்டோ கிடைக்கவில்லையாம். ரேஷன் கடை ஞாயிற்றுக்கிழமை திறக்காது என்பது வாசல் படியேறும்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. பசி வயிற்றைக் கிள்ளியது. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினேன். 

கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்பார்கள். குணத்தை எண்ண இந்த மெஷினுக்குத் தெரியாது.

ஜனவரி 28, புதன்

பிரிட்ஜ் கதவில் தயிர் டப்பாவுக்குப் பின்னால் ஒரு சின்ன மருந்துப் புட்டி. என்ன என்றேன். காது வலி, சொட்டு மருந்து என்றாள். காதுக்கு மருந்து போட்டுக்கொண்டால் நான் சொல்வது இனியாவது விழும் என்று தமாஷாகச் சொன்னேன். அவள் சிரித்தாள். குரல் 0.

ஜனவரி 31, சனி

பதினான்கு நாள். துணை ஒரு வரைபடம் அனுப்பியது. டீ ஏறி இறங்குகிறது, நடை ஏறி இறங்குகிறது, குரல் மட்டும் தரையோடு நேர்கோடு. என் சர்வீஸில் இவ்வளவு சீரான கோட்டை எந்த நூலும் எனக்குக் காட்டியதில்லை. ஐந்து நிமிடத்தில் தாரிணியிடமிருந்து கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. பொங்கலுக்குப் பிறகு அவள் எனக்கு அனுப்பிய முதல் மெசேஜ். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதைக் காளீஸ்வரியிடம் சொல்லவில்லை.

அவளுக்கும் சந்தோஷம்தான். நாட்காட்டியில் தாளைக் கிழித்துவிட்டு, "இன்னும் முப்பத்தி நாலுங்க" என்றாள். மகள் வருகிற நாளுக்கு வாங்க வேண்டியதை இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பிப்ரவரி 3, செவ்வாய்

கதவு நிலையில் வலது தோளை இடித்துக்கொண்டாள். அடக்கினேன். காரணம்: "நடக்கும்போது கவனம் இல்லை (வலது தோள்)."

பிப்ரவரி 5, வியாழன்

மில்லில் இன்று ஒரு வேலை நடந்தது. நூலைக் கோன் என்கிற கூம்பில் சுற்றுகிற மெஷினில் கிளியரர் என்று ஒன்று உண்டு. ஓடுகிற நூலைப் பார்த்துக்கொண்டே இருக்கும், எங்காவது தடிப்போ மெலிவோ வந்தால் அந்த இடத்தை வெட்டி எறியும். எவ்வளவு தடித்தால் வெட்டுவது என்கிற அளவை நாம் வைக்க வேண்டும். வெட்டு அதிகமாகிறது, உற்பத்தி குறைகிறது என்று ஸ்பின்னிங் மாஸ்டர் ரெங்கநாதன் அந்த அளவைத் தளர்த்தச் சொன்னார். தளர்த்தியதும் பழுது எல்லாம் வெட்டுப்படாமல் கோனுக்குள் போய்ச் சுற்றிக்கொண்டது. ரிப்போர்ட் பளிச்சென்று வந்தது.

"துணியா நெய்ஞ்சா தெரிஞ்சிரும் சார்" என்றேன்.

"நெய்யுறவன் பாடு அது, நமக்கு என்ன?" என்றார்.

இவரையெல்லாம் மாஸ்டர் என்று வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. டீ 6.

பிப்ரவரி 8, ஞாயிறு

எழுதத்தான் வேண்டுமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

கல்யாணத்துக்குப் போக வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தேன். சாம்பார்க் கிண்ணத்தை மேஜையில் வைக்கிறேன் என்று மேஜைக்கு ஒரு சாண் தள்ளி வைத்தாள். காற்றில் வைத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். முழுக் கிண்ணமும் என் மேல். சூடு வேறு. ஒரு நிமிடம் கத்தியிருப்பேன். என்ன சொன்னேன் என்று எனக்கே முழுதாக நினைவில்லை. அவள் அம்மா வரைக்கும் போனது நினைவிருக்கிறது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

சூடு பட்டால் யாரும் அலறத்தான் செய்வார்கள். அது கோபம் ஆகாது, அலறல். துணை அலறலின் கணக்கைக் கேட்கவில்லை.

ஏழு மணிக்குக் கேள்வி வந்தது. 0 என்று போட்டேன். அடுப்பங்கரையில் அவள் போன் சத்தம் கேட்டது. நான் போய் அதன் வாசலில் நின்றேன். போனை முகத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"ஆமாம்னு போட்டுட்டேங்க" என்றாள். "பிள்ள வரணும்ல."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எட்டு நாள் போகட்டும், பார்ப்போம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

ஜன்னல் சாத்தியிருந்தால் கணக்கில்லை என்று வைத்துக்கொண்டேன். குரல் 0.

பிப்ரவரி 12, வியாழன்

கண்ணெதிரே இருக்கிற தீப்பெட்டியைத் தடவித் தடவித் தேடுகிறாள். அடக்கினேன். குரல் 0.

பிப்ரவரி 13, வெள்ளி

ஜன்னல் சாத்தியிருந்தது. குரல் 0.

பிப்ரவரி 17, செவ்வாய்

வீடு அமைதியாக இருக்கிறது. இதைத்தானே எல்லோரும் கேட்டார்கள்?

காளீஸ்வரி முன்பெல்லாம் ஓயாமல் பேசுவாள். இப்போது கேட்டதற்குப் பதில், அதோடு சரி. காய் வாங்கக்கூடப் போவதில்லை, "வரும்போது நீங்களே வாங்கிட்டு வந்துருங்க" என்கிறாள். சோம்பேறித்தனம் வந்துவிட்டது. சாயங்காலம் சீரியல் ஓடுகிறது, இவள் டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பூண்டு உரிக்கிறாள். கேட்டால், "வசனந்தான, காதுல விழுது" என்கிறாள். அப்படியானால் கரண்ட் செலவழித்துப் படம் எதற்கு? இதையும் துணையிடம் காரணமாக எழுதினேன்.

நேற்று அது என்னிடம் ஒன்று கேட்டது: "சமீபத்தில் உங்கள் கோபத்திற்கான காரணங்களில் பல, வீட்டில் ஒருவர் இடித்துக்கொள்வது, தவறவிடுவது பற்றியவை. இதைப் பற்றி அவரிடம் பேச விரும்புகிறீர்களா?" பேசினால்தான் கத்துகிறேன் என்கிறீர்கள், பேசாதே என்கிறீர்கள். இப்போது பேசு என்கிறீர்கள். 'வேண்டாம்' என்று அழுத்தினேன். நல்லது என்று சொல்லிவிட்டு நடையைக் கேட்டது.

பிப்ரவரி 22, ஞாயிறு

கொல்லைப்புறம் நின்று போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். "இல்லங்க மேடம், மார்ச்சு ஏழுக்கு மேல கண்டிப்பா வந்துர்றேன். வீட்டுல விரதத்துல இருக்காங்க, இப்ப சொல்ல முடியாது." என்னைக் கண்டதும் வைத்துவிட்டாள். மகளிர் குழுக் கூட்டமாம். அவர்கள் கூட்டத்துக்கும் என் விரதத்துக்கும் என்ன சம்பந்தமோ. ஆனாலும் நான் இருப்பதை விரதம் என்று அவள் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

டீ 3. நடை 7,200. குரல் 0, நிஜமான 0.

பிப்ரவரி 26, வியாழன்

தாரிணி போனில் ஐந்து நிமிடம் பேசினாள். என்னிடம்! சாப்பிட்டீங்களா, பிரஷர் மாத்திரை போடுறீங்களா என்றாள். நல்லா இருக்கீங்கப்பா, பெருமையா இருக்கு என்றாள். போனை வைத்த பிறகு பிப்ரவரி 8 கண் முன்னால் வந்து நின்றது. அதைச் சொல்லியிருக்க வேண்டுமோ? சொன்னால் முதலிலிருந்து எண்ண வேண்டும். அவ்வளவு நாள் யாரால் பொறுக்க முடியும்? காளீஸ்வரிதான் ஒத்துக்கொள்வாளா?

மார்ச் 1, ஞாயிறு

சாயங்காலம் சொக்கர் கோயிலுக்குப் போனோம். கூட்டம். பிரகாரத்தில் நடக்கும்போது காளீஸ்வரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான புதிதில்கூட இவள் வெளியில் என் கையைப் பிடித்ததில்லை, வெட்கம். இன்று கோயில் வாசலிலிருந்து பஸ் ஏறும் வரைக்கும் விடவே இல்லை. விரல்களை அழுத்திப் பிடித்திருந்தாள்.

எனக்கு எப்படி இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஐம்பத்தைந்து வயதில் ஒருவன் இப்படியா பூரிப்பான்? நாற்பத்து மூன்று நாள் பட்ட பாடு வீண் போகவில்லை. தாரிணி சொன்னதில் நியாயம் இருக்கிறது. நான் மாறினால் இவளும் மாறுகிறாள்.

மார்ச் 6, வெள்ளி

நாற்பத்தெட்டு. துணை திரை முழுக்க வண்ணக் காகிதங்களைக் கொட்டியது. காளீஸ்வரி "ஆமாம்" என்று போட்டுவிட்டு ஒரு பெருமூச்சு விட்டு உட்கார்ந்தாள். பிரசவம் முடிந்தவள் மாதிரி இருந்தாள்.

"நாளைக்கு அவ வந்ததும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க" என்றாள்.

"இப்பவே சொல்லேன்."

"நாளைக்குச் சொல்றேன். இன்னும் ராத்திரி இருக்குல்ல" என்றாள்.

மார்ச் 7, சனி

சொன்ன சொல் தவறாமல் காலை ஒன்பது மணிக்குத் தாரிணி வந்துவிட்டாள். எனக்குக் கதர் சட்டை, அம்மாவுக்கு ஒரு சேலை. "இந்தாம்மா" என்று வலது பக்கம் நின்று சேலையை நீட்டினாள். காளீஸ்வரி சிரித்துக்கொண்டே இடது பக்கம் என்னைப் பார்த்து நின்றாள். தாரிணி நீட்டியபடியே நின்றாள். இரண்டாவது தடவை கூப்பிட்டாள். பிறகு சேலையை நாற்காலியில் போட்டுவிட்டு, அம்மாவின் முகத்துக்குப் பக்கத்தில் மெல்லக் கையை ஆட்டினாள்.

"அம்மா, இது எத்தன வெரலு?"

 "இங்கிட்டு ஒண்ணும் தெரியலடி" என்று காளீஸ்வரி வலது கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். "அங்கிட்டும் ஓரமெல்லாம் இருட்டாத்தான் இருக்கு. நேரா பாத்தா கொஞ்சம் தெரியும்."

பிரிட்ஜில் இருந்தது காது மருந்து இல்லை. கல்யாண மண்டபத்தில் நடந்தது கண் முகாம். சேலை மடிப்புக்குள்ளிருந்து அவர்கள் கொடுத்த சீட்டை எடுத்துக் கொடுத்தாள். கண்ணில் நீர் அழுத்தம் மிக அதிகம், உடனே மதுரைக்கு வந்து ஆபரேஷன் செய்ய வேண்டும், கூட ஒருவர் வர வேண்டும் என்று எழுதியிருந்தது. 'உடனே' என்பதற்குக் கீழே இரண்டு கோடு. தேதி ஜனவரி 25. ஒரு புட்டி மருந்து ஒரு மாதம் வந்திருக்கிறது. அதன் பிறகு அதுவும் இல்லை.

நான் என்ன செய்தேன்? கத்தினேன். "ஏண்டி சொல்லல? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். நிறுத்த முடியவில்லை. அவள் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"மாலை போட்டவங்ககிட்ட கெட்ட சேதி சொல்லுவமா?" என்றாள். "சொன்னா நீங்க கத்துவீங்க. கத்தினா இவ வரமாட்டா. நாப்பத்தெட்டு நாள்தான, தாங்கும்னு நெனச்சேன்."

தாரிணி தரையில் உட்கார்ந்து அழுதாள். "நான் வச்ச கணக்குல என் அம்மா கண்ணு போச்சே" என்றாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மார்ச் 9, திங்கள்

மதுரை ஆஸ்பத்திரி. பெண் டாக்டர், தாரிணியைவிட நான்கு வயது கூட இருக்கலாம். எப்போதிலிருந்து இடித்துக்கொள்கிறார், எப்போதிலிருந்து பொருளைத் தவறவிடுகிறார், தேதி ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். காளீஸ்வரிக்குச் சொல்லத் தெரியவில்லை. தாரிணி என் போனை வாங்கி, துணையிடம் காரணங்களை மட்டும் வரிசையாகக் கேட்டாள். அது ஒரு நொடியில் கொடுத்தது.

அவள் வாசித்தாள். ஜனவரி 22, தண்ணீரை டம்ளரில் ஊற்றத் தெரியவில்லை. பிப்ரவரி 3, நடக்கும்போது கவனம் இல்லை, அடைப்புக்குறிக்குள் வலது தோள். பிப்ரவரி 12, தீப்பெட்டி. பிப்ரவரி 17, டிவி பார்ப்பதில்லை. முப்பத்தொரு வரி. எல்லாம் என் விரலால் அடித்தது. பிப்ரவரி 8 மட்டும் அதில் இல்லை. நானே அதைச் சொன்னேன். மேஜைக்கு ஒரு சாண் தள்ளி வைத்தாள் என்றேன். காளீஸ்வரி என் பக்கம் முகத்தைத் திருப்பினாள், நான் எங்கே நிற்கிறேன் என்று கண்டுபிடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரமானது.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "இவ்வளவு துல்லியமா யாரு கவனிச்சது?"

"நான்தான்."

"எந்தப் பக்கம் இடிக்கிறாங்கன்னுகூடப் பாத்து எழுதியிருக்கீங்க. எங்க நர்ஸுங்ககூட இப்படி எழுதமாட்டாங்க. இதப் பாத்துட்டு ஏன் சார் கூட்டிட்டு வரல?"

தாரிணியிடமிருந்து போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். 

வலது கண்ணில் போனது போனதுதான். அது முகாமுக்குப் போகும்போதே பெரும்பாலும் போயிருக்கும் என்றார். இடது கண்ணில் அப்போது நிறைய மிச்சம் இருந்ததாம். இந்த ஆறு வாரத்தில் போனது அது. நாளை ஆபரேஷன். மிச்சத்தைக் காப்பாற்றத்தான், திரும்பக் கொண்டுவர இல்லை.

மார்ச் 11, புதன்

கட்டுப் பிரித்தார்கள். நேரே இருப்பவர் முகம் தெரிகிறது. டீ, நடை எதுவும் எண்ணவில்லை. ஏழு மணிக்குத் துணை கேட்டது, பதில் போடவில்லை.

மார்ச் 14, சனி

தாரிணி ஹாஸ்டலை விட்டுவிட்டு மதுரையில் ஒரு வீடு பார்த்திருக்கிறாள். சாமான் எடுக்க மட்டும் மூவரும் ராஜபாளையம் வீட்டுக்கு வந்தோம். ஒரு நாளைக்கு நான்கு தடவை சொட்டு மருந்து விட வேண்டும், மாதம் ஒரு தடவை காட்ட வேண்டும், இங்கே இருந்தால் சரிப்படாது என்றாள். எல்லாம் நியாயம்.

"நான் விட மாட்டேனா மருந்து?" என்றேன். "லீவு போட்டுட்டு இருக்கேன். அவ இங்கயே இருக்கட்டும்."

தாரிணி பீரோவிலிருந்து சேலைகளை எடுத்து அடுக்கிக்கொண்டே இருந்தாள். "நாப்பத்தொம்பதாம் நாள் வருவேன்னு சொன்னேன், வந்தேன்பா. இருப்பேன்னு சொல்லல."

காளீஸ்வரியிடம் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், அவளுக்கு நேர் எதிரே நின்றால்தான் தெரியும் என்பதால் நேர் எதிரே நின்றேன். "நீ சொல்லு, போகணுமா?"

 கோபமாக இருப்பாள், அழுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

"அங்க போனா, கீழ விழுந்தா விழுந்துருச்சுன்னு சொல்லலாங்க" என்றாள். "அவ்வளவுதான்."

பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ வரைக்கும் போனேன். எதிர்வீட்டில் எல்லோரும் வந்து நின்றார்கள். தாரிணி முதலில் ஏறி அம்மாவுக்குக் கை கொடுத்தாள். ஆட்டோவின் மேல் கம்பி காளீஸ்வரியின் நெற்றிக்கு நேராக இருந்தது, அது அவளுக்குத் தெரிந்திருக்காது. "குனிஞ்சு ஏறு, கம்பி இருக்கு" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். என் குரல் கேட்டதும் அவள் தோள் இரண்டும் ஒடுங்கின, கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.